ஃபைல் இல்லாத பிள்ளை

குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சை பெரும்பாலும் இரண்டு, மூன்று ஆண்டுகள் இழுக்கும். முதல் மாதம் ஸ்டீராய்டு மாத்திரை பசியைக் கிளறிவிடும். நடுராத்திரியில் சாம்பார் சாதம் கேட்டு அழுகிற பிள்ளை, தட்டு வந்ததும் தள்ளிவிடும். வெள்ளணுக்கள் குறைந்திருக்கையில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் எந்நேரமானாலும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். எல்லாம் முடிந்து பல வருடம் கழித்தும் சாதாரண ஜலதோஷத்துக்கே தூக்கம் தொலைக்கும் தாய்மார்கள் உண்டு. தேறிய பிள்ளையைவிடப் பெற்றோரிடமே அந்த அதிர்ச்சி அதிகம் தங்கிவிடுகிறது என்கின்றன ஆய்வுகள்.

எல்லோரும் பேசுவது இதைத்தான். ஆனால் என் மனம் போவது, பாட்டி வீட்டில் விடப்பட்ட மூத்தவனிடம்.

“தம்பிக்குக் காய்ச்சல், சீக்கிரம் வந்துடுவோம்” என்று சொல்லிப் போனவர்கள் மாதக்கணக்கில் வருவதில்லை. தொற்று பயத்தால் வார்டுக்குள் சிறுவர்களுக்கு அனுமதி கிடைப்பது அரிது. வீடியோ காலில் மொட்டைத் தலையும் புதுப் பொம்மைகளும் தெரிகின்றன. பொறாமை வருகிறது, வந்ததற்காக வெட்கமும். சண்டையில் தள்ளிவிட்டோமே, அதனால்தான் தம்பிக்கு இப்படியோ என்று ஆறேழு வயதில் தோன்றுவது மனநல மருத்துவர்கள் நன்கறிந்த ஒன்று. வீட்டில் யாரும் விவரம் சொல்லாததால் அவனே ஒரு காரணத்தைக் கட்டிக்கொள்கிறான்.

எலும்பு மஜ்ஜை மாற்ற வேண்டும் என்றதும்தான் அவன் நினைவு வரும். உடன்பிறந்தவரோடு முழுமையாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு. பொருந்தினால் மயக்கம் கொடுத்து இடுப்பெலும்பில் ஊசி. பொருந்தாவிட்டால் ‘என்னால் ஆகலையே’ என்ற ஏக்கம். கொடுத்தும் தம்பி பிழைக்கவில்லையென்றால் அந்தப் பாரத்தை அவன் எங்கே இறக்கிவைப்பான்?

இப்படி வளர்கிறவர்கள் பொறுப்பும் இரக்கமும் உள்ளவர்களாக வருவதாகச் சிலர் சொல்கிறார்கள். வரலாம். பத்து வயதில் சோறு வடிக்கப் பழகியதை மெச்ச எனக்கு மனம் வரவில்லை.

புற்றுநோய் வந்த குழந்தைகளின் குடும்பங்களுக்கென 2015இல் நிபுணர்கள் 15 மனநலப் பராமரிப்பு நெறிகளை வகுத்தார்கள். அவற்றில் ஒன்று உடன்பிறந்தவர்களுக்கானது. நம்மூரில் கவுன்சலர் இருந்தாலும் பெயர் கூப்பிடுவது நோயாளியின் ஃபைலைப் பார்த்துத்தான்; அண்ணனுக்கு ஏது ஃபைல்? அடுத்த செக்கப்புக்கு அவனையும் கூட்டிவரச் சொல்லலாம். இது ஒட்டிக்கொள்கிற நோய் இல்லை, நீ தள்ளிவிட்டதால் வரவில்லை, முடி திரும்ப முளைக்கும் என்று நர்ஸ் ஒருவர் பத்து நிமிடம் பேசலாம். அவன் வகுப்பாசிரியருக்கும் ஒரு கடிதம் கொடுத்தனுப்பலாம். காலாண்டுத் தேர்வில் அவன் ஏன் கோட்டைவிட்டான் என்று அவருக்கும் தெரியாது.