இளையோர் செவியும் மதிப்பின் மொழியும்

இசுடான்போர்டுப் பல்கலைக்கழகத்தில் டேனியல் ஏபிரம்சு, வினோத் மேனன் முதலிய மூளையியல் அறிஞர்கள் குரலைப் பற்றிய ஓர் ஆய்வை நிகழ்த்தி 2022-இல் வெளியிட்டனர். பொருளற்ற மூன்று சொற்களைத் தாய்மாரைக்கொண்டு ஒலிக்கச் செய்து பதிந்தனர். ஒவ்வொரு சொல்லும் ஒரு நொடிக்கும் குறைவாகவே நீளும். அதே சொற்களை முன்பின் அறியாத பெண்டிர் இருவரின் குரலிலும் பதிந்துகொண்டனர். காந்த ஒத்ததிர்வுப் படக்கருவியுள் படுத்திருந்த பிள்ளைகள் அவற்றைக் கேட்கையில், மூளையின் எப்பகுதி கிளர்ச்சியுறுகிறது எனக் கண்டனர். 12 அகவை வரையிலான சிறாரிடம் தாயின் குரலே இன்பமும் ஊக்கமும் தரும் பகுதிகளைத் தூண்டியது. 13 அகவையைக் கடந்தோரிடம் நிலைமை மாறிற்று. அதே பகுதிகளை அயலார் குரலே மிகுதியாகத் தூண்டியது. தாயின் குரலை அவர்கள் மறக்கவுமில்லை, குழம்பவுமில்லை. கேட்டவுடன் ஏறத்தாழப் பிழையின்றி அடையாளங்கண்டனர். ஆயினும் அவர்தம் மூளை வேறொரு திசைக்குச் செவிதிருப்பத் தொடங்கியிருந்தது.

பெற்றோர் பலர் இதனைக் கேட்டு வருந்தக்கூடும். வருந்தவேண்டுவதில்லை. வீட்டைக் கடந்து உலகிற் புகவேண்டிய உயிர்க்கு இயற்கை செய்துதரும் ஆயத்தம் இது. ஆனால் இளையோரிடையே பணிசெய்வார்க்கு இவ்வாய்வு ஒரு பெரும் பொறுப்பை உணர்த்துகிறது. படிப்பகத்தில், விளையாட்டுக் கழகத்தில், நாட்டு நலப்பணித் திட்ட முகாமில், தெருமுனை மன்றத்தில் ஓர் இளைஞனோடு பேசும் மூத்தவர், அவன் செவி புதிதாய்த் திறந்திருக்கும் திசையிலிருந்து பேசுகிறார். அத்திசையிலிருந்து எத்தகைய குரல் வருகிறது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இளையோர் பணிக்குப் பள்ளியைப் போன்ற கட்டாயம் இல்லை. பிரித்தானியாவில் இப்பணி அரசின் துணையோடு விரிவடைய வழிசெய்தது 1960-இல் வெளிவந்த ஆல்பமார்ல் அறிக்கை. அங்கும் பிற நாடுகளிலும் இப்பணியின் அடிப்படை ஒன்றே: இளையோர் தாமே விரும்பி வருவர், விரும்பாவிடின் போய்விடுவர். வருகைப் பதிவேடு அச்சுறுத்தாது, தேர்வு மதிப்பெண் கட்டிவைக்காது. பணியாளர் கையில் எஞ்சியிருப்பது பேச்சு ஒன்றே. அப்பேச்சில் மதிப்பு இல்லையெனில் மறுவாரம் நாற்காலிகள் வெறுமையாய்க் கிடக்கும்.

மதிப்பு என்பதைச் சொல்லின் மேற்பூச்சாகக் கருதுவோர் பலர். நல்ல பிள்ளைக்குக் கொடுக்கும் பரிசாகக் கருதுவோரும் உளர். முதலில் அவன் திருந்தட்டும், பிறகு மதிப்போம் என்பர். இவ்விரு கருத்தும் பிழை. இளம்பருவ மூளைக்கு மதிப்பு என்பது செய்தி உள்ளே புகுவதற்கான முன்நிலை. மதிப்பற்ற குரலில் வந்த அறிவுரை, எத்துணை உண்மையாயினும், கேட்கப்படுவதேயில்லை.

குரலின் தொனி மட்டும் என்ன செய்யும் என்பதை நெற்றா வைன்சுடைன் என்னும் உளவியலாளர் பிரித்தானியாவின் கார்டிபுப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்தார். 14, 15 அகவையினர் ஏறத்தாழ ஆயிரவர் பங்குகொண்டனர். பள்ளிப்பாடம், வீட்டுவேலை முதலியவை பற்றித் தாய் ஒருத்தி சொல்லக்கூடிய முப்பது தொடர்களை அவர்கள் கேட்டனர். சொற்கள் எல்லார்க்கும் ஒன்றே. ஆனால் ஒரு பிரிவினர்க்கு அவை அதட்டி ஏவும் தொனியில் வந்தன, மற்றொரு பிரிவினர்க்கு ஊக்கி அழைக்கும் தொனியில் வந்தன, மூன்றாம் பிரிவினர்க்கு உணர்ச்சி கலவாமல் வந்தன. அதட்டலைக் கேட்டோர் உளச்சோர்வுற்றனர், சொன்னவரோடு நெருக்கம் குறைந்ததாக உணர்ந்தனர், சொன்னதைச் செய்யும் விருப்பையும் இழந்தனர். ஊக்கும் தொனியைக் கேட்டோர் இணங்கும் விருப்பைக் காட்டினர். தமிழர்க்கு இது புதிதன்று. ஒருமையில் அழைப்பது நம் ஊர்களில் அன்பாகவும் இருக்கும், இழிவாகவும் இருக்கும். எது என்பதைக் கேட்பவன் ஒரு நொடியில் அறிந்துகொள்வான். முகாம்களில் தொண்டர்க்குப் பயிற்சி அளிப்போர் என்ன சொல்லவேண்டும் எனத் தாள்தாளாய் எழுதித் தருகின்றனர். எக்குரலில் சொல்லவேண்டும் என்பதற்கு அரை மணிநேரம் ஒதுக்குவோரும் அரியர்.

குறைகூறும் குரல் மூளையுள் என்ன செய்கிறது? பிட்சுபர்க்கு நகர ஆய்வாளர் 9 முதல் 17 அகவை வரையிலான 32 பேருக்கு, அவரவர் தாய் தம்மிடம் கண்ட குறையை எடுத்துரைக்கும் முப்பது நொடிப் பதிவை ஒலிக்கச்செய்து 2015-இல் முடிவை வெளியிட்டனர். எதிர்மறை உணர்ச்சியோடு தொடர்புற்ற பகுதிகளில் கிளர்ச்சி ஏறியது. உணர்ச்சியை அடக்கியாளும் முன்மூளைப் பகுதியிலும், பிறர் மனத்தில் என்ன இருக்கிறது என எண்ணிப்பார்க்கும் பகுதிகளிலும் இயக்கம் தாழ்ந்தது. எளிதாகச் சொன்னால், ‘அம்மா ஏன் இப்படிச் சொல்கிறார்’ என்று எண்ணவேண்டிய தருணத்தில் அவ்வெண்ணத்திற்குரிய பகுதியே ஓய்ந்துவிடுகிறது. 32 பேரை வைத்துச் செய்த ஆய்வின்மேல் பெருமாளிகை எழுப்புதல் கூடாது. எனினும், திட்டு வாங்கிய பிள்ளை திட்டியவரின் நல்லெண்ணத்தை ஏன் காண்பதில்லை என்ற நெடுநாள் வினாவுக்கு இது ஒரு தக்க குறிப்பைத் தருகிறது.

பூப்புப் பருவத்தில் உடலிற் பெருகும் இயக்குநீர்களுள் டெசுட்டோசுட்டிரோன் ஒன்று. ஆண்பிள்ளைகளிடம் பன்மடங்கு பெருகும். பெண்பிள்ளைகளிடமும் ஓரளவு கூடும். இதனை முரட்டுத்தனத்தின் ஊற்றெனக் கூறுவது வழக்கமாகிவிட்டது. அக்கூற்றைச் சூரிச்சு நகர ஆய்வாளர் 2010-இல் ஆட்டங்காணச் செய்தனர். பெண்கள் ஏறத்தாழ 120 பேரைப் பணத்தைப் பங்கிடும் ஓர் ஆட்டத்தில் அமர்த்தினர். ஒருவர் பங்கு பிரிப்பார், மற்றவர் ஏற்கலாம் அல்லது மறுக்கலாம். மறுத்தால் இருவர்க்கும் ஒன்றுமில்லை. ஆட்டத்திற்கு முன் சிலர்க்கு டெசுட்டோசுட்டிரோனும் மற்றவர்க்கு வெற்று மருந்தும் கொடுத்தனர். இயக்குநீர் பெற்றோர் முறைதவறிப் பிரிக்கவில்லை, நேர்மையாகவே பிரித்தனர். தம் பங்கீடு மறுக்கப்படும் இழிவைத் தவிர்க்க அவர்கள் விரும்பினர் என்பது ஆய்வாளர் தந்த விளக்கம். மாறாக, தமக்கு டெசுட்டோசுட்டிரோன் தரப்பட்டது என நம்பியவர்களே, உண்மையில் பெற்றிருப்பினும் இல்லாவிடினும், குறைவாகப் பிரித்துக் கொடுத்தனர். முரட்டுத்தனம் அந்நீரில் இல்லை, அதைப் பற்றிய நம்பிக்கையில் இருந்தது.

அவ்வாறாயின் இந்நீர் செய்வது யாது? பிறர் கண்ணில் தன் நிலை என்ன என்பதைக் கூர்ந்து நோக்கச் செய்கிறது. டெக்சாசுப் பல்கலைக்கழக உளவியலாளர் டேவிட் யேகரும் உடனாய்வாளரும் இதனை இளையோரிடம் நேராகவே சோதித்தனர். ஆத்திரேலியர் ரொட்டியில் தடவும் வெசிமைட்டு என்னும் கரிப்புமிக்க பசையை, நினைவாற்றலுக்கு நல்லதெனச் சொல்லப்பட்ட ஒரு மருந்தாக 18 முதல் 25 அகவையினரிடம் நீட்டினர். சிலரிடம் அதை உண்ணுமாறு ஏவினர். சிலரிடம் அதன் பயனை விளக்கி, உண்ணுவதைப் பற்றி எண்ணிப்பார்க்குமாறு வேண்டினர். மதிப்புடன் கேட்கப்பட்டோரே மிகுதியாக உண்டனர். டெசுட்டோசுட்டிரோன் மிகுந்தோரிடம் இவ்வேறுபாடு இன்னும் கூர்மையாக வெளிப்பட்டது. மருந்தை மறுக்கும் பதினெட்டு அகவை நோயாளியை நாள்தோறும் காணும் செவிலியர் இவ்வாய்வை ஒருமுறை எண்ணிப்பார்க்கலாம்.

இங்கே ஓர் ஐயம் எழும். மதித்துப் பேசவேண்டும் என்றால் பிழையைச் சுட்டாமல் விடவேண்டுமா? விடலாகாது. பிழையைச் சொன்னால் இளையோன் உடைந்துபோவான், சொல்லாவிட்டால் தேறமாட்டான் என்னும் இந்த இருதலைச் சிக்கலை 1999-இலேயே உளவியலாளர் செப்ரி கோயனும் அவர்தம் ஆசிரியர்களும் ஆய்வுப்பொருள் ஆக்கினர். பின்னர் யேகரும் கோயனும் அமெரிக்கப் பள்ளி ஒன்றில் ஏழாம் வகுப்பு மாணவர் 44 பேரிடம் அதற்கொரு விடை தேடி, 2014-இல் வெளியிட்டனர். மாணவர் தம் வாழ்வில் போற்றும் ஒருவரைப் பற்றிக் கட்டுரை எழுதினர். ஆசிரியர் வழக்கம்போல் பிழைகளைத் திருத்தினார். திருத்திய தாளுடன் ஆய்வாளர் ஒரு சிறு குறிப்பை இணைத்தனர். பாதிப்பேரின் குறிப்பு, இவை உன் கட்டுரைக்கான கருத்துகள் என்ற அளவில் நின்றது. மறுபாதியினர் குறிப்பு, உன்னிடம் மிக உயர்ந்ததை எதிர்பார்க்கிறேன், அதை நீ எட்டுவாய் என்றும் அறிவேன், அதனால்தான் இவற்றை எழுதினேன் என்றது. எவர்க்கு எக்குறிப்பு என்பது ஆசிரியர்க்கே தெரியாது.

திருத்தி எழுதுவது மாணவர் விருப்பம். வெற்றுக் குறிப்பைப் பெற்ற கறுப்பின மாணவருள் நூற்றுக்கு 17 பேரே திருத்தி எழுதினர். இரண்டாம் குறிப்பைப் பெற்றோருள் 70 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் எழுதினர். வெள்ளையின மாணவரிடமும் உயர்வு தென்பட்டது, ஆயினும் இத்துணை இல்லை. இவ்வேறுபாடே நம் கருத்திற்குரியது. தலைமுறை தலைமுறையாக இழிவுபட்ட மக்களின் பிள்ளைகள், திருத்தம் என்ற பெயரில் வருவது இன்னுமோர் இழிவோ என்று ஐயுறுவது இயல்பு. அவ்வையத்தைப் போக்கியது ஒரு வரி. உயர்ந்த அளவுகோல், அதை எட்டுவாய் என்னும் உறுதி: இரண்டும் சேர்ந்து வரவேண்டும். அளவுகோல் மட்டும் வந்தால் அது கொடுமை. உறுதி மட்டும் வந்தால் வெற்றுப் புகழுரை. இளையோர் அதனை எளிதில் இனங்கண்டு வெறுப்பர். சாதியால் ஒதுக்கப்பட்ட குடியிருப்புகளில் பணிசெய்யும் நம் தொண்டர் இவ்வாய்வைப் படித்தேயாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இளையோர் எதை உயர்வாகக் கருதுகின்றனரோ, அதிலிருந்து பேச்சைத் தொடங்குவதும் மதிப்பின் ஒரு கூறே. கிறித்தோபர் பிரையன், யேகர் முதலியோர் டெக்சாசில் எட்டாம் வகுப்பு மாணவர் 500-க்கும் மேற்பட்டோரிடம் இதனைச் சோதித்து 2016-இல் வெளியிட்டனர். சிலர்க்கு நல்லுணவு உண்டால் பிற்காலத்தில் நலமாய் வாழலாம் என்ற வழக்கமான பாடம் கிடைத்தது. சிலர்க்கு நொறுக்குத்தீனி நிறுமங்கள் சிறுவரையும் ஏழையரையும் எவ்வாறு தந்திரமாய்ப் பழக்கப்படுத்துகின்றன என்ற செய்தி கிடைத்தது. மறுநாள் வேறொரு பொழுதில் தின்பண்டம் தேர்ந்தெடுக்கையில் பின்னவரே நல்லுணவை மிகுதியாக நாடினர். தொடர்ந்து நடந்த ஆய்வில், ஆண்பிள்ளைகளிடம் இவ்விளைவு பள்ளி உணவகத்தில் மூன்று திங்கள் நீடித்தது. நாற்பதாண்டுக்குப் பின் வரும் நெஞ்சுநோயைக் காட்டி அஞ்சவைப்பதைவிட, நீ ஏமாற்றப்படுகிறாய், எதிர்த்து நிற்க உனக்கு ஆற்றல் உண்டு என்று சொல்வது பதினான்கு அகவையினனை ஆளாக மதிப்பதாகும்.

உரையாடும் முறையைப் பொறுத்தவரை, உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983-இல் குடிநோயாளிகளிடம் கண்டு எழுதிய வழி இளையோர் பணியிலும் பயன்படுகிறது. பிறர் தவற்றைக் கண்டவுடன் திருத்தத் துடிக்கும் நம் உந்துதலே தடையாகிறது என்றார் அவர். புகைபிடிக்காதே என்று ஓர் இளைஞனிடம் நாம் வாதிட்டால், புகைப்பதற்கான வாதம் அவன் வாயிலிருந்து வரும். அவ்வாறு சொல்லச்சொல்ல அவன் அதை மேலும் நம்புவான். மாறாக, ஆம் அல்லது இல்லை என முடியாத வினாவைக் கேட்டு, வந்த விடையை நம் சொல்லில் திருப்பிச் சொல்லிச் சரிதானா என வினவி, பொறுத்திருந்தால் மாற்றத்திற்கான சொல்லை அவனே சொல்வான். பொறுத்திருத்தலே இதில் மிகக் கடினமான பகுதி.

பேச்சில் மட்டும் மதிப்பு இருந்து அமைப்பில் இல்லையெனில் இளையோர் அதையும் விரைவிற் கண்டுகொள்வர். ஆய்வாளர் ராசர் ஆர்ட்டு 1992-இல் ஐ.நா. சிறுவர் நிதியத்திற்காக எழுதிய நூலில் இளையோர் பங்கேற்பை எட்டுப் படிகளாக வகுத்தார். கீழ்ப்படிகள் மூன்றும் பங்கேற்பே அன்று என்றார்: பிறர் நோக்கத்திற்குப் பிள்ளைகளைக் கருவியாக்குதல், ஒப்பனைப் பொருளாய் நிறுத்துதல், பெயரளவில் ஓர் இருக்கை கொடுத்தல். விழாமேடையில் ஒரேவண்ணச் சட்டையணிந்து, ஏன் நிற்கிறோம் என்றறியாது நிற்கும் பிள்ளைகளை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். தமக்குரியவற்றில் கருத்துச் சொல்லவும் அது மதிக்கப்படவும் சிறுவர்க்கு உரிமை உண்டென 1989-ஆம் ஆண்டின் சிறுவர் உரிமை உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு கூறுகிறது. இந்தியா அதனை 1992-இல் ஏற்றது.

இறுதியாக, உண்மை சொல்லுதல். நம்பிக்கை கொண்ட இளையோர் ஒருநாள் கமுக்கமான ஒன்றைச் சொல்ல வருவர். யாரிடமும் சொல்லமாட்டேன் என உறுதி கேட்பர். அவ்வுறுதியைத் தரலாகாது. இந்தியாவில் 18 அகவை நிறையாதவர்மீது பாலியல் குற்றம் நிகழ்ந்ததென அறிந்தவர் அதனைக் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும் என 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் கட்டளையிடுகிறது; தெரிவியாமை தண்டனைக்குரியது. கேட்டபின் வாக்குத்தவறுவதைவிடக் கேட்குமுன் எல்லையைச் சொல்வதே நேர்மை. நீங்கள் சொல்வதில் பெரும்பகுதி நம்மிடையே இருக்கும், உங்களுக்கோ வேறு யாருக்கோ தீங்கு நேரும் என்றால் உரியவரிடம் சொல்லியாக வேண்டும், அப்போதும் யாரிடம் என்ன சொல்லப்போகிறேன் என்பதை உங்களிடம்தான் முதலில் சொல்வேன் என்று முதல்நாளிலேயே எல்லார் முன்னும் கூறிவிடலாம். இதைக் கேட்டு வாய்மூடிக்கொள்வோரும் இருப்பர். அவர்களைத் துருவுதல் ஆகாது. தாமே அழைக்கத்தக்க 1098 என்னும் சிறுவர் உதவி எண்ணை மன்றச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதிவைத்து, அவர்கள் மறுவாரமும் வரத்தக்கவாறு கதவைத் திறந்துவைத்திருக்க வேண்டும்.