குருதியை நிறுத்தும் நார்

அரிவாள்மனையில் விரல் பட்டுவிட்டால் துணியைச் சுற்றி அழுத்திப் பிடிக்கிறோம். சில நிமிடங்களில் குருதி நின்றுவிடுகிறது. அதற்குள் உள்ளே நடைபெறும் வேலையைச் சற்று எண்ணிப் பாருங்கள், வாசகர்களே!

குருதிக் குழாயின் உட்புறம் வழவழப்பான மெல்லிய படலம் உண்டு. அதன் பின்னே, சுவருக்கு உறுதி தரும் கொலாஜன் இழைகள் மறைந்திருக்கின்றன. படலம் கிழியும்போதுதான் ஓடும் குருதி அவற்றைத் தொடுகிறது. அக்கணமே, குருதியில் சுருண்டு மிதந்து வரும் ‘வான் வில்லிபிராண்ட் காரணி’ என்னும் நீண்ட புரதம் கொலாஜனைப் பற்றிக்கொள்கிறது. பற்றிய பிடி விடாதிருக்க, பாயும் குருதி அதை இழுத்து நீட்டுகிறது. சுருள் விரிந்த பின்னரே தட்டணுக்களைப் பிடிக்கும் இடங்கள் அதில் வெளிப்படுகின்றன. நாரில் மதுரை மல்லிகை தொடுக்கப்படுவதுபோல் தட்டணுக்கள் அதில் சேர்ந்து புண்வாயை அடைக்கின்றன. பிறகு ஃபைப்ரின் என்னும் வலை அவற்றை இறுக்குகிறது. குருதி வேகமாகப் பாயும் சிறு தமனிகளில்தான் இந்த நாரின் உதவி இன்றியமையாததாகிறது என்பது விந்தையே.

இந்த நார் குறைந்தால் என்னாகும்? 1924ஆம் ஆண்டில், ஓலாந்து தீவுகளைச் சேர்ந்த ஐந்து வயதுச் சிறுமியைப் பின்லாந்து மருத்துவர் எரிக் வான் வில்லிபிராண்ட் பரிசோதித்தார். அவளுடைய குடும்பத்தில் 66 பேரை ஆராய்ந்து, 23 பேருக்குக் குருதி எளிதில் நில்லாத குறை இருந்ததை 1926இல் எழுதினார். பெரும்பாலும் ஆண்களையே தாக்கும் ஹீமோபிலியாவைப் போலன்றி, இங்கே பெண்களும் பாதிக்கப்பட்டிருந்தனர். அச்சிறுமியோ பருவமடைந்தபின் நான்காவது மாதவிடாயிலேயே குருதி நில்லாமல் இறந்துபோனாள்.

தொலைதூரத் தீவின் கதை என்று ஒதுக்கிவிட வேண்டாம். மதுரையிலும் மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிப் பகுதிகளிலும் நெருங்கிய உறவுக்குள் மணம் முடிப்பது பல சமுதாயத்தாரிடமும் உள்ள வழக்கம். இப்புரதம் ஏறக்குறைய அறவே இல்லாத கடுமையான வகை, தாய் தந்தை இருவரிடமிருந்தும் குறையுள்ள மரபணு வந்து சேரும்போது உண்டாகிறது. பெற்றோர் நலமாகவே காணப்படலாம். உறவு மணத்தில் இச்சேர்க்கைக்கு வாய்ப்பு மிகுதி.

ஏழு நாள் கடந்தும் நில்லாத மாதவிடாய், அடிக்கடி மூக்கில் வடியும் குருதி, பல் பிடுங்கியபின் நெடுநேரம் கசிதல் ஆகியவற்றை நம் இல்லங்களில் வெளியே சொல்வதில்லை. “அவள் உம்மாவுக்கும் அப்படித்தான்” என்று ஆறுதல் கூறிவிடுகிறோம். மருத்துவர் முதலில் கேட்க வேண்டிய செய்தியே அதுதான்! ஆண் குழந்தைக்குச் சுன்னத் செய்யுமுன்பும் குடும்பத்தின் இந்த வரலாற்றைக் கூறிவிட வேண்டும்.

வழக்கமான உறைவுப் பரிசோதனை இயல்பாகவே இருந்துவிடலாம். எனவே இப்புரதத்தின் அளவையும் செயல்திறனையும் தனியே பார்க்க வேண்டும். கர்ப்பத்திலும் காய்ச்சலிலும் அளவு உயர்வதால், சில வேளை மறுபடியும் பார்க்க நேரும். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி போன்ற பெரிய மருத்துவமனைகளின் இரத்தவியல் துறைகளில் இதற்கு வழியுண்டு. இலேசான வகையினர் பலருக்கு டெஸ்மோபிரசின், டிரானெக்சாமிக் அமிலம் ஆகிய மருந்துகள் பயன்படுகின்றன. கடுமையான வகைக்குக் காரணியையே ஊசிவழி செலுத்துகின்றனர். இக்குறை உள்ளவர்கள், தலைவலிதானே என்று மருத்துவரைக் கேளாமல் ஆஸ்பிரின் விழுங்கக் கூடாது. தட்டணுக்களின் வேலையை அது மேலும் கெடுத்துவிடும்.