செவிலியர் பயிற்சிக்கு வேண்டிய சாதனங்கள்: சிக்கனமாக வாங்குவது எப்படி?

1909-ஆம் ஆண்டில் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் வேலூரில் செவிலியர் பள்ளியைத் தொடங்கிய காலத்தில், தம் பெண்ணை அத்தொழிலுக்கு அனுப்பப் பெற்றோர் பெரிதும் தயங்கினர். இன்று சிற்றூர்களிலிருந்தும் பெண்கள் ஆர்வத்துடன் இப்பயிற்சிக்குச் செல்கின்றனர். தயக்கம் நீங்கிற்று, பணக் கவலையே எஞ்சி நிற்கிறது.

இடம் கிடைத்ததும், கட்டணத்தோடு உடை, காலணி, கருவி, நூல் என்று ஒரு பட்டியலும் வந்து சேர்கிறது. அறுவடைக்கு முன்னரே இச்செலவு நேருமாயின், நகையை அடகு வைப்பதும் கந்து வட்டிக்குக் கடன் வாங்குவதும் உண்டு. எது உடனே வேண்டும், எது பின்னர் வாங்கலாம், எது வேண்டுவதில்லை என்று பகுத்தறிந்தால் இத்தொல்லை பெரிதும் குறையும்.

முதலாவதாக, கல்லூரியிடம் பட்டியலை எழுத்து வடிவில் பெறுதல் வேண்டும். கல்லூரியே வழங்குபவை எவை, உடையின் நிறமும் அமைப்பும் யாவை என்று கேட்டறிந்த பின்னரே கடைக்குச் செல்லலாம்.

உடையும் காலணியும்

பருத்தித் துணி முதல் சலவையில் சுருங்கும். ஆகவே அதை நனைத்து உலர்த்திய பின்னரே தைக்கக் கொடுக்க வேண்டும். பாலியெஸ்டர் கலந்த துணி விரைவில் உலரும். மாற்றுடைகள் குறைவாயிருந்தாலும் போதும். காலணியில் மட்டும் சிக்கனம் பார்த்தல் கூடாது. நாள் முழுவதும் நின்று பணி செய்ய வேண்டியிருப்பதால், விரல்களை மூடிய, வழுக்காத அடியுடைய காலணியே ஏற்றது. மாலையில் பாதம் சற்று வீங்கியிருக்குமாதலால், அந்நேரத்தில் அளவு பார்த்து வாங்குவது நன்று.

கருவிகள்

1816-ஆம் ஆண்டில் பிரான்சில் லயனெக் என்னும் மருத்துவர் கண்டறிந்த ஸ்டெதாஸ்கோப், மாணவியின் முதற்கருவி. தொடக்கத்திற்கு எளிய வகையே போதும். இதய நோய் நிபுணர்களுக்கான விலையுயர்ந்த வகை தேவையில்லை. காதில் பொருந்தும் முனைகள் மிருதுவாகவும், மூக்கின் பக்கம் சற்றே சாய்ந்தும் இருக்க வேண்டும். காதில் மாட்டிக்கொண்டு, மார்பில் வைக்கும் வட்டை விரலால் மெல்லத் தட்டினால் ஒலி இரு காதுகளிலும் ஒன்றுபோல் கேட்க வேண்டும். குழாயில் விரிசல் இருந்தால் அதை வாங்கலாகாது.

காய்ச்சல் பார்க்கும் கருவியில் பாதரச வகையைத் தவிர்க்க வேண்டும். உடைந்தால் அதன் ஆவி நஞ்சாகும். பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையை இந்தியா 2018-ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டது. மின்கலத்தால் இயங்கும் டிஜிட்டல் வகையே தகுந்தது.

இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி கல்லூரியின் செய்முறைக் கூடத்திலும் மருத்துவமனையிலும் இருக்கும். கல்லூரி கட்டாயப்படுத்தினாலன்றி முதலாண்டில் அதை வாங்க வேண்டுவதில்லை. வாங்க நேர்ந்தால் கைப்பட்டையின் அளவைக் கவனித்தல் அவசியம். கைக்குச் சிறிதான பட்டை, உண்மையினும் மிகுந்த அழுத்தத்தைக் காட்டும். விலை மலிவென்று பிழையான கருவியை வாங்கினால், அதன் தீங்கு நோயாளியைச் சேரும்.

நாடித் துடிப்பையும் மூச்சையும் எண்ணுவதற்கு வினாடி முள்ளுடைய கடிகாரம் வேண்டும். மார்பில் குத்திக்கொள்ளும் வகையாயின், கை கழுவும்போது இடையூறு இராது. எக்கருவியை வாங்கினாலும் ரசீது பெறுதல் நலம்.

நூல்களும் பணமும்

மூத்த மாணவிகளின் பழைய நூல்களைப் பெறலாம். ஆயினும் பி.எஸ்ஸி. செவிலியர் பாடத்திட்டம் 2021-ஆம் ஆண்டில் திருத்தப்பட்டது. ஆதலால் உடற்கூறு போன்ற அடிப்படை நூல்கள் பழையனவாயினும் பயன்படும். ஏனையவற்றை ஆசிரியரைக் கேட்டே வாங்க வேண்டும்.

வங்கிகளின் கல்விக் கடனில் கட்டணம் மட்டுமன்றி, நூல், கருவி, சீருடை ஆகியவற்றின் செலவும் அடங்கும். இதனை அறியாது பலர் கூடுதல் வட்டிக்குக் கடன்படுகின்றனர். விண்ணப்பிக்கும்போதே இச்செலவுகளையும் சேர்த்துக் குறிப்பிட வேண்டும்.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் இச்செய்தியைப் பெற்றோருக்கு எடுத்துரைப்பார்களாக. பயிற்சி முடித்த பெண்கள் தம் நூல்களைக் கிராம நூலகத்திற்கு வழங்குமாறும் தூண்டலாம். ஒரு வீட்டின் செலவு அடுத்த வீட்டிற்கும் பயன் தரும். இன்று நாம் துணைநின்று அனுப்பும் பெண்ணே நாளை ஏதேனும் ஒரு துணைச் சுகாதார நிலையத்தில் தாய்மாரையும் குழந்தைகளையும் காப்பவளாவாள்.