குஞ்சு பொரிப்பு விகிதக் குறைவு

குஞ்சு பொரிப்பு விகிதக் குறைவு என்பது இன்குபேட்டர் எனப்படும் அடைகாக்கும் கருவியில் வைத்த கோழி முட்டைகளில் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே குஞ்சு வெளிவருவதைக் குறிக்கும். பொரியாத முட்டை பேச்சு வழக்கில் கூமுட்டை எனப்படுகிறது. சிறிய அளவில் கோழி வளர்ப்போர் கூமுட்டைகளை எறிந்துவிட்டு, கருவியின் வெப்பநிலையை மாற்றி மீண்டும் முட்டை வைப்பதுண்டு. குறை வேறிடத்தில் இருந்தால் அடுத்த 21 நாள்களும் வீணாகும். கூமுட்டையை உடைத்து, கரு எந்தக் கட்டத்தில் இறந்தது என்று பார்த்தால் காரணத்தை நெருங்கலாம்.

கணக்கிடும் முறை

100 முட்டைகளில் 20 கரு கூடாதவை. 64 பொரிந்தன என்று கொள்வோம். வைத்த முட்டைகளில் பொரிப்பு 64 விழுக்காடு. கரு கூடிய 80 முட்டைகளில் அது 80 விழுக்காடு. முதல் எண்ணை மட்டும் பார்ப்பவர், சேவலின் குறையைக் கருவியின் குறையாக எண்ணிவிடுவார்.

முட்டை காட்டும் காரணங்கள்

கரு வளர்ச்சியே இல்லாதவை: 7ஆம் நாள் இருட்டறையில் விளக்கொளியில் பார்த்தால் இவை தெளிவாகத் தெரியும். வயது முதிர்ந்த சேவல், பெட்டைகளின் எண்ணிக்கைக்குப் போதாத சேவல்கள் ஆகியவை காரணமாகலாம். பொதுவாக 10 பெட்டைகளுக்கு ஒரு சேவல் வேண்டும்.

முதல் வாரத்தில் இறந்தவை: உள்ளே இரத்த வளையம் காணப்படும். முட்டையை 7 நாள்களுக்கு மேல் சேமித்தல், எடுத்துவரும்போது குலுங்குதல், மிகுந்த வெப்பம் ஆகியவை முக்கியக் காரணங்கள்.

இரண்டாம் வாரத்தில் இறந்தவை: இயல்பாக இவை மிகக் குறைவு. மிகுந்தால் தாய்க்கோழியின் தீவனத்தில் உயிர்ச்சத்துக் குறைவு, குறிப்பாக ரைபோஃபிளேவின் குறைவு, இருக்கலாம். அழுக்கு முட்டை வழியே நுழையும் கிருமிகளும் காரணமாகும்.

கடைசி மூன்று நாள்களில் இறந்தவை: முழுதாக வளர்ந்த குஞ்சு ஓட்டுக்குள் இறந்திருக்கும். ஈரப்பதப் பிழை, காற்றோட்டக் குறைவு, முட்டையைச் சரியாகத் திருப்பாமை, கூர்முனை மேலாக வைத்தல் ஆகியவற்றை ஆராய வேண்டும். ஓட்டைக் கொத்திய பின் கருவியை அடிக்கடி திறந்தால் உட்சவ்வு உலர்ந்து குஞ்சின்மேல் ஒட்டிக்கொள்ளும்.

சரிபார்க்க வேண்டிய அளவுகள்

விசிறியுள்ள கருவியில் வெப்பநிலை ஏறத்தாழ 37.5 பாகை செல்சியசு இருக்க வேண்டும். ஈரப்பதம் முதல் 18 நாள்கள் 50 முதல் 55 விழுக்காடும், அதன்பின் 65 முதல் 70 விழுக்காடும் தேவை. நாளொன்றுக்குக் குறைந்தது மூன்று முறை முட்டையைத் திருப்பி, 18ஆம் நாளுடன் நிறுத்த வேண்டும்.

வெப்பமானியே தவறாகக் காட்டலாம். வெதுவெதுப்பான நீரில் அதனையும் காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியையும் ஒன்றாக வைத்து ஒப்பிடலாம். குஞ்சுகள் 21ஆம் நாளுக்கு முன்பே வந்தால் வெப்பம் மிகுதி. பிந்தினால் வெப்பம் குறைவு என ஐயுறலாம். அடைக்கோழி இரைதேட எழுந்து செல்வதுபோல, சிறிதுநேரக் குளிர்ச்சியைக் கரு தாங்கும். மிகை வெப்பத்தை அவ்வாறு தாங்காது. எனவே சிறிதுநேர மின்தடையைவிடக் கருவி அளவு மீறிச் சூடாவதே ஆபத்தானது.

அடுத்த முறை

முட்டை இட்ட நாள், வைத்த நாள், கூமுட்டைகள் எந்தக் கட்டத்தைச் சேர்ந்தவை என்பவற்றைக் குறித்துவைக்க வேண்டும். ஒரு முறைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்தால்தான் எது பலன் தந்தது என்பது விளங்கும்.