ஆங்கிலத்தில் கமா எங்கே போடுவது?

படிக்கும்போது எங்கே மூச்சு விடுகிறோமோ அங்கே கமா. நம்மில் பலர் பள்ளியில் கற்ற விதி இதுதான். காற்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, முற்றுப்புள்ளி என்று தமிழில் வைத்த பெயர்களே நிறுத்தத்தின் அளவைத்தான் சொல்கின்றன.

தமிழுக்கு இந்த விதியால் பெரிய கெடுதல் இல்லை. 'அம்மாவும் அப்பாவும் தம்பியும் வந்தார்கள்' என்பதில் கமாவுக்கு வேலையே இல்லை, 'உம்' பார்த்துக்கொள்கிறது. யார் செய்தது, யாருக்குச் செய்தது என்பதை வேற்றுமை உருபு காட்டிவிடும். ஓலைச்சுவடிகளில் நிறுத்தற்குறி இல்லாமலேயே எழுதிப் படித்தோம். ஆங்கிலத்தில் உருபுகள் மிகக் குறைவு. சொல் நிற்கும் இடத்தை வைத்தே பொருள் கொள்ள வேண்டும். அங்கே கமா வரப்பில் நட்ட கல் மாதிரி. தள்ளி நட்டால் நிலம் கைமாறிவிடும்.

வேலைக்கான விண்ணப்பங்களில் அதிகம் காணும் பிழையைப் பாருங்கள்: 'ஐ ஃபினிஷ்ட் மை டிகிரி, ஐ ஆம் லுக்கிங் ஃபார் எ ஜாப்.' தமிழில் 'டிகிரி முடித்துவிட்டேன், வேலை தேடுகிறேன்' என்று எழுதினால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆங்கிலத்தில் இரண்டு முழு வாக்கியங்களைக் கமா மட்டும் வைத்து ஒட்டக்கூடாது. நடுவில் முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ வேண்டும். இல்லையென்றால் கமாவுக்குப் பிறகு 'அண்ட்' வேண்டும். 'ஹவ்எவர்', 'தேர்ஃபோர்' இரண்டும் 'அண்ட்', 'பட்' போல ஒட்டும் சொற்கள் அல்ல. வாக்கியங்களுக்கு நடுவே அவை வந்தால் முன்னால் அரைப்புள்ளி, பின்னால் கமா.

எழுவாய் எவ்வளவு நீளமானாலும் அதற்கும் வினைக்கும் நடுவே ஒற்றைக் கமா போடாதீர்கள். மூச்சு வாங்கத்தான் செய்யும், பொறுத்துக்கொள்ளுங்கள். 'இஃப்', 'வென்' என்று தொடங்கும் பகுதி வாக்கியத்தின் முன்னால் வந்தால் அது முடியும் இடத்தில் கமா. பின்னால் வந்தால் பெரும்பாலும் தேவையில்லை.

நமக்கு உண்மையிலேயே கடினமான இடம் 'ஹூ', 'விச்'. 'த ஒர்க்கர்ஸ் ஹூ கேம் லேட் லாஸ்ட் எ டே'ஸ் பே' என்றால், தாமதமாக வந்தவர்களுக்கு மட்டும் ஒருநாள் கூலி போயிற்று. இதையே 'த ஒர்க்கர்ஸ், ஹூ கேம் லேட், லாஸ்ட் எ டே'ஸ் பே' என்று எழுதினால், எல்லோருமே தாமதமாக வந்தார்கள், எல்லோருக்குமே கூலி போயிற்று. சொற்கள் அதேதான், இரண்டு கமாக்கள்தான் கூடுதல். 'தாமதமாக வந்த தொழிலாளர்கள்' என்னும் தமிழ்ப் பெயரெச்சம் இந்த இரண்டு பொருளுக்கும் இடம் கொடுத்துவிடுகிறது. எது என்பதைச் சூழல் சொல்லும். அதனால்தான் இந்த வேறுபாடு நம் கண்ணில் படுவதே இல்லை. அந்தப் பகுதியை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். யாரைப் பற்றிய பேச்சு என்பது மாறாமல் இருந்தால் இருபுறமும் கமா. மாறிவிட்டால் ஒன்றுகூட வேண்டாம்.

பட்டியலின் கடைசியில், 'அண்ட்' அல்லது 'ஆர்' என்ற சொல்லுக்கு முன்னால் போடும் கமாவுக்கு ஆக்ஸ்ஃபோர்டு கமா என்று பெயர். பிரிட்டிஷ் செய்தித்தாள்கள் பெரும்பாலும் அதை விட்டுவிடுகின்றன. நான் போடச் சொல்வேன். ஏன் என்பதற்கு ஒரு வழக்கைப் பாருங்கள். அமெரிக்காவின் மெய்ன் மாநிலச் சட்டம், கூடுதல் நேரக் கூலி தரத் தேவையில்லாத வேலைகளைப் பட்டியலிட்டிருந்தது. கடைசியில் 'பேக்கிங் ஃபார் ஷிப்மெண்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன்' என்று இருந்தது. 'ஆர்' முன்னால் கமா இல்லை. விநியோகம் தனி வேலை, அதற்குக் கூடுதல் கூலி கிடையாது என்றது ஓக்ஹர்ஸ்ட் பால் நிறுவனம். விநியோகத்துக்காகப் பேக் செய்வதைத்தான் சட்டம் சொல்கிறது, நாங்கள் பேக் செய்வதில்லை, வண்டிதான் ஓட்டுகிறோம் என்றார்கள் அதன் ஓட்டுநர்கள். 2017-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், சட்டத்தின் பொருள் தெளிவாக இல்லை என்று ஓட்டுநர்கள் பக்கம் நின்றது. 2018-ல் அந்த நிறுவனம் 50 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டு வழக்கை முடித்துக்கொண்டது. மாநிலமும் அந்தப் பட்டியலை அரைப்புள்ளிகள் போட்டுத் திருத்தி எழுதியது.

அடுத்த முறை ஆங்கிலத்தில் விண்ணப்பமோ அலுவலகக் கடிதமோ எழுதினால், அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு கமாவிலும் ஒரு நொடி நில்லுங்கள். அதன் இரண்டு பக்கமும் தனியாக நிற்கக்கூடிய முழு வாக்கியங்கள் இருந்து, நடுவே ஒட்டும் சொல் இல்லையென்றால், கமாவை அழித்துவிட்டு முற்றுப்புள்ளி வையுங்கள்.