நெடுநாள் உறங்கிய படகு எஞ்சினை எழுப்புதல்

ஆண்டுக்கணக்கில் கொட்டகையில் கிடந்த சிறிய டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டார், அதாவது படகின் பின்பலகையில் மாட்டப்படும் எஞ்சின், பெரும்பாலும் தேய்மானத்தால் அன்று, தேங்கிய பெட்ரோலால்தான் கிளம்ப மறுக்கிறது. அந்தப் பெட்ரோல் ஆவியாகி, காற்றையும் எரிபொருளையும் கலந்து தரும் கார்புரேட்டரின் நுண்துளைகளில் பிசினாகப் படிந்துவிடுவதால், அதைப் பிரித்துக் கழுவாமல் கயிற்றை எத்தனை முறை இழுத்தாலும் பயனில்லை. ஸ்பார்க் பிளக்கில் நல்ல பொறி வருகிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும்.

எல்லாவற்றினும் அதிகம் புறக்கணிக்கப்படுவது இம்பெல்லர் என்னும் சிறிய ரப்பர் சக்கரமே. எஞ்சினைக் குளிர்விக்கும் நீரை மேலேற்றும் அதன் இதழ்கள், நெடுநாள் ஒரே நிலையில் வளைந்து கிடந்து, விறைத்து வெடித்திருக்கும் என்பதால், புதிதாக மாற்றி, கீழ்ப்பகுதியை நீர் நிறைந்த பீப்பாயில் அமிழ்த்திய பின்னரே எஞ்சினைக் கிளப்புவது முறை. பக்கத்துளையிலிருந்து நீர் பீய்ச்சி வராவிட்டால் உடனே நிறுத்திவிட வேண்டும்.

பெட்ரோலில் கலக்கும் எண்ணெயே இவ்வகை எஞ்சினுக்கு ஒரே மசகு. 50 பங்குக்கு 1 பங்கு, பழைய எஞ்சின்கள் பலவற்றுக்கு 25 பங்குக்கு 1 என்று தயாரிப்பாளர் குறித்த அளவைக் குறைத்தால் பிஸ்டன் இறுகிப்போகும்.