நாத்தம் பிடிச்ச மூலக்கூறு... நம்பிக்கை தந்த ஆராய்ச்சி!

“பயோ கெமிஸ்ட்ரியா? படிச்சு முடிச்சா லேப்ல ரத்தம் டெஸ்ட் பண்ற வேலைதானே?”

கடையத்துல பஸ் பிடிச்சு ஆழ்வார்குறிச்சி பரமகல்யாணி காலேஜுக்கோ, குற்றாலம் பராசக்தி காலேஜுக்கோ போற சயின்ஸ் ஸ்டூடன்ட்ஸ் பலரும் சொந்தக்காரங்ககிட்ட கேட்டுச் சலிச்ச கேள்வி இது. அடுத்த தடவை யாராவது கேட்டா, ராபர்ட் கேசெரோவோட கதையை எடுத்து விடுங்க ஃப்ரெண்ட்ஸ்!

அமெரிக்காவின் பால்டிமோரில் இருக்கும் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் புற்றுநோய் ஆராய்ச்சியாளர் இவர். பல வருஷமா இவர் விடாமல் துரத்தியது ‘பாலிஅமீன்’ என்ற குட்டி மூலக்கூறுகளை. பியூட்ரெசின், ஸ்பெர்மிடின், ஸ்பெர்மைன் என்று மூணு பேர் இந்தக் குடும்பத்தில். அழுகிய மாமிசத்தில் குப்புனு அடிக்குதே, அந்த நாத்தத்தில் பியூட்ரெசினுக்கும் பங்கு உண்டு. ஸ்பெர்மைன் படிகங்களை 1670-களிலேயே லேவன்ஹுக் மைக்ரோஸ்கோப்பில் பார்த்துவிட்டார். உலர்ந்த விந்தில் இருந்ததால்தான் அந்தப் பெயரே வந்தது!

நாத்தம்னு மூக்கைப் பொத்த வேண்டாம். இது இல்லாமல் நம்ம செல் எதுவும் வளராது. வேகமா வளர்ற புற்றுநோய் செல்லுக்கோ இது ரொம்பவே அதிகமா வேணும். அப்போ சப்ளையைக் கெடுத்தா? அதுதான் கேசெரோ குழுவின் கேள்வி. 2001-ல் ஸ்பெர்மைனை உடைக்கும் ஒரு மனித என்சைமின் ஜீனை இவர் குழு பிரித்தெடுத்தது. ஸ்பெர்மைனை உடைக்கும்போது அந்த என்சைம் ஹைட்ரஜன் பெராக்சைடையும் கக்கும். அது டி.என்.ஏ.வையே காயப்படுத்தும். வயிற்றுப்புண் கிருமியான ஹெலிகோபேக்டர் இந்த என்சைமைத் தூண்டிவிடுவதும் பிறகு தெரிந்தது.

திடீர் திருப்பம்!

2004-ல் ஹார்வர்டில் யாங் ஷி குழு எல்.எஸ்.டி.1 என்ற என்சைமைக் கண்டுபிடித்தது. இது எபிஜெனடிக்ஸ் சமாச்சாரம். புத்தகத்தில் ரெண்டு பக்கத்தைச் சேர்த்து ஸ்டேப்ளர் அடிச்சா என்ன ஆகும்? எழுத்து மாறாது, ஆனால் படிக்க முடியாது. ஜீன்களையும் செல் இப்படித்தான் மூடி வைக்கிறது. ‘இந்தப் பக்கம் திறந்திருக்கட்டும்’ என்று சொல்லும் மெத்தில் அடையாளத்தைப் பிய்த்துப் போடுவது எல்.எஸ்.டி.1-ன் வேலை.

சுவாரஸ்யம் என்னன்னா, எல்.எஸ்.டி.1-ன் அமைப்பு, பாலிஅமீனை உடைக்கிற என்சைம்களுக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி! அப்போ பாலிஅமீன் போலவே செய்த போலி மூலக்கூறுகள் இதையும் முடக்குமா? கேசெரோ, பேட்ரிக் வோஸ்டர் குழுக்கள் சோதித்தன. 2007-ல் பதில் வந்தது. குடல் புற்றுநோய் செல்களில் மூடிக்கிடந்த ஜீன்கள் சில மறுபடி திறந்தன. ஒரே மூலக்கூறை ஆண்டுக்கணக்கில் பார்த்த கண்ணுக்குத்தான் அந்தச் சொந்தம் பட்டென்று தெரிந்தது.

எல்லாமே சக்சஸா? இல்லை பாஸ். லேப் தட்டில் ஜெயித்த போலி பாலிஅமீன்களில் சில, நோயாளிகளிடம் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. ஆனால் இதே துறையில் பிறந்த டி.எஃப்.எம்.ஓ. என்ற மருந்து, பாலிஅமீன் தயாரிப்பின் முதல் படியையே அடைக்கும். 1990-ல் ஆப்பிரிக்கத் தூக்க நோய்க்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. முப்பத்து மூணு வருஷம் கழித்து, 2023 டிசம்பரில், நியூரோபிளாஸ்டோமா என்ற குழந்தைகள் புற்றுநோய் திரும்பி வராமல் தடுக்கவும் அனுமதி. பொறுமைக்குக் கிடைத்த மார்க்!

நம்ம நாட்டிலும் ஆள் உண்டு. டில்லி ஜே.என்.யூ.வில் ரெண்டாலா மதுபாலா, காலா அசார் நோயைத் தரும் லீஷ்மேனியா கிருமியின் பாலிஅமீன் தயாரிப்பை ஆராய்ந்தவர்.

ஆசை வந்திடுச்சா? எம்.எஸ்ஸி.க்கு ஜாம், பிஹெச்.டி.க்கு சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வுகளைக் குறி வையுங்கள். டிகிரி படிக்கும்போதே இந்திய அறிவியல் அகாடமிகளின் கோடைக்கால ஃபெல்லோஷிப்புக்கு அப்ளை பண்ணலாம். செமஸ்டருக்கு மனப்பாடம் செய்கிற யூரியா சுழற்சியில் ‘ஆர்னிதின்’னு ஒரு பேர் வருமே... பியூட்ரெசின் பிறப்பது அதிலிருந்துதான். உங்க ஆராய்ச்சியை அங்கிருந்தே தொடங்குங்களேன்!